சுகதேகிகளின் இரத்தம்

எங்கள் ஊரில் யாருக்கும் யாரையும் 'விசர்', பைத்தியம் என்று சொல்ல உரிமை உண்டு. கைகாட்டியும் நிறுத்தாமல் போன பஸ் சாரதிக்கு விசர். உச்சி வெயிலில் பந்தடிக்கும் பொடியன்களுக்கு விசர். மாரி பிந்தினால் வானத்துக்கும் விசர். இந்த உரிமை இல்லாத வீடுகளும் சில உண்டு. உண்மையாகவே ஒருவருக்கு அந்த வருத்தம் உள்ள வீடுகள் அவை. எங்களுடையது அவற்றில் ஒன்று. எங்கள் வீட்டுப் பூனை கதவில் முட்டிக்கொண்டால்கூட, "பாவம், யோசனையில் போயிருக்கும்" என்றுதான் சொல்வோம்.

வருத்தம் என் தம்பிக்கு. 1996இல், இடம்பெயர்ந்திருந்த இடத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. தம்பிக்கு நித்திரை இருக்கவில்லை. கூரையை அந்த வருடமே போட்டுவிட்டோம். நித்திரைக்கு அதைவிடக் காலம் எடுத்தது. வானொலியில் செய்தி வாசிக்கும் பெண் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறாள் என்று அவன் நம்பினான். அதுகூடப் பரவாயில்லை, பிழை பிழையாக வாசிக்கிறாள் என்பதுதான் அவனுக்குக் கோபம். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் ஒருவர் அவனோடு பொறுமையாகக் கதைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கிசோபிரெனியா என்றார். குளிசைகளும் மாதம் ஒரு ஊசியும் எழுதித் தந்தார்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வைத்தியர் சொன்ன பெயரை அழகாக எழுத்துக்கூட்டி அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட மூத்தவள், விதவை, பக்கத்து வளவில் தன் ஒரே மகளோடு இருந்தாள். அவள் சொன்னது:

"உந்தப் பேரை ஊருக்குள்ள கொண்டு வராத. ஆரும் கேட்டால் பீனிசம் எண்டு சொல்லு."

அப்படித்தான் தம்பிக்குப் பீனிசம் வந்தது. மூக்கடைப்பும் தலையிடியும் உள்ள ஒருவன் மாதாமாதம் யாழ்ப்பாணம் போய் ஊசி போடுவதை ஊர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. நம்பியது என்று நான் சொல்லவில்லை. நம்பாதவர்களும் மருந்து சொன்னார்கள். நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்கச் சொன்னார்கள். சிலர் இலையையே கட்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். வீட்டின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தம்பி போர்வைக்குள் இருந்து ஆவி பிடித்தான். "மூளையில வருத்தம், மூக்குக்குத் தண்டனை" என்று போர்வைக்குள்ளிருந்து அவன் சொன்னது என் நாட்குறிப்பில் இருக்கிறது. நான் தினமும் எழுதுகிறவள்: என்ன சமைத்தது, யார் வந்தது, யார் என்ன சொன்னது. ஆகவே இங்கே மற்றவர்களின் வாயில் நான் வைக்கும் பேச்சு அன்றன்றைக்கே குறித்துக்கொண்டது.

ஒரு நாளைப் பற்றி மட்டும் எனக்குப் பகிடி வருவதில்லை. 1999இல் போக்குவரத்து நின்று அவனுக்கு ஊசி தவறியது. இரண்டு கிழமைக்குள் அவன் போகக்கூடாத கரையில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, காவலில் இருந்த கடற்படையினரை வரிசையில் நிற்கச் சொல்லிப் பெயர் கூப்பிட்டான். அவர்கள் துவக்கை நீட்டிவிட்டார்கள். வள்ளத்தில் வந்த மீனவர் ஒருவர் தெரிந்த சிங்களத்தில் கத்தி, தலையைத் தொட்டுக் காட்டி, அவனை இழுத்து ஏற்றியபடியால்தான் எனக்கு இன்றைக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அதற்குப் பிறகு அவனுடைய ஊசி நாளில் நான் பாடசாலைக்கு லீவு போட்டு அவனோடு போனேன்.

சமாதான காலத்தில், 2003இல், என் பாடசாலைச் சிநேகிதி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்தாள். யாழ்ப்பாணத்தில் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் சேதி கொண்டுபோகும் இரசாயனங்களையும், ஸ்கிசோபிரெனியாவில் அவை எப்படிக் குழம்புகின்றன என்பதையும் ஆராய்வதுதான் அவளுடைய வேலை. வருத்தம் உள்ள ஒருவரும், வருத்தம் இல்லாத அவருடைய சகோதரங்களும் இரத்தம் தந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அனுமதியெல்லாம் எடுத்துக்கொண்டு, ஒரு குளிர்ப்பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நண்டுக் குழம்பு கேட்டாள். பக்கத்து மர வாங்கில் இருந்த தம்பியிடம் நேரடியாகவே கேட்டாள்:

"உமக்கு என்ன குளிசை தாறாங்கள்?"

சொன்னான். பிறகு அவன் கேட்டான்: "அக்கா, அது உள்ள போய் என்ன செய்யுது? இத்தனை வருசமாய் விழுங்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில சின்ன இடைவெளி இருக்கு. அதைக் கடல் எண்டு வையும். இந்தக் கரையில இருந்து வள்ளங்கள் வெளிக்கிட்டு அந்தக் கரைக்குப் போகுது. அந்த வள்ளம்தான் டோபமின். அங்க போய்க் கட்டுறதுக்கு இறங்குதுறை வேணும். அதை நாங்கள் வாங்கி எண்டு சொல்லுவம். உமக்கு வருத்தம் கடுமையாய் இருக்கேக்க ஒரு பக்கத்தில வள்ளங்கள் அளவுக்கு மிஞ்சிப் போய்க் கட்டுது. இல்லாத சேதியெல்லாம் வந்து இறங்குது."

"ரேடியோக்காரி மாதிரி."

"ஓம். குளிசை எண்டது வெறும் வள்ளம். ஆளும் இல்லை, சாமானும் இல்லை. போய்த் துறையில கட்டிப்போட்டு சும்மா நிக்கும். மற்ற வள்ளங்களுக்கு இடம் இல்லை."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "விளங்கிட்டுது. நேவி."

அவள் சிரித்துப் புரையேறி நண்டைக் கீழே போட்டாள்.

"பகிடி இல்லை, அக்கா. கூடாதவனும் இறங்கேலாது, மீன் கொண்டு வாறவனும் இறங்கேலாது. அதுதானே என்ர கை நடுங்குது? அதுதானே எனக்கு ஒண்டிலயும் பெரிசாய்ச் சந்தோசம் வாறேல்லை?"

"அதேதான். என்ர மாணவர்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தவணை முழுக்க வேணும்."

"அப்ப டோபமின் கூடினதுதான் காரணமோ?"

"கனகாலம் அப்பிடித்தான் நினைச்சம். மருந்து அதைத் தடுக்குது, வருத்தம் குறையுது, அப்ப அதுதான் காரணம் எண்டு பின்னாலிருந்து முன்னால வந்தம். இப்ப வேற இரசாயனங்களும் இருக்கு எண்டு தெரியுது. எது முதல், எது பிறகு எண்டது சரியாய்த் தெரியாது."

தம்பி என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் பல வருடங்களாக நான் காணாத வெளிச்சம்.

"கேட்டியோ? இவைக்கும் தெரியாதாம்! வெளிநாட்டில போய்ப் படிச்சும் தெரியாதாம். நான் இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தான் ஒண்டும் விளங்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவள் தங்கியிருந்த அந்த நாட்களில்தான் அக்காவின் மகளுக்குக் காரைநகரில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது. சாதகத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இன்னொரு பொருத்தம் பார்ப்பார்கள். அதற்குப் பெயரும் இல்லை, ஐயரும் இல்லை. மாப்பிள்ளை பக்கத்து ஆள் ஒருவர் வேறேதோ அலுவலாக வருவதுபோல் பெண்ணின் ஊருக்கு வந்து, கடையிலும் கோயிலடியிலும் நின்று, பரம்பரையில் 'ஏதும் உண்டோ' என்று விசாரித்துவிட்டுப் போவார். அந்த 'ஏதும்' என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அக்கா ஒரு பின்னேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, கலியாணம் முடியுமட்டும் இவனை நெடுந்தீவில சித்தப்பா வீட்டை விடுவம். நல்ல காத்து. மாடு கண்டுகளோட இருக்கட்டும்."

"ஊசி?"

"சித்தப்பா கூட்டிக்கொண்டு போவார்."

"நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்குப் படகு, பேந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். கடல் கொந்தளிச்சால் படகு இல்லை. சித்தப்பா தன்ர பல்லுக்கே யாழ்ப்பாணம் போகேல்லை, அக்கா. வாயைத் திறந்தால் தெரியும்."

"ஒரு மாசம் தவறினால் என்ன?"

"தொண்ணூற்றொன்பதில என்ன நடந்தது?"

அக்கா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். அவள் கெட்டவள் அல்ல. மகளைக் கரைசேர்க்க நினைத்தவள். ஆனால் அந்தக் கணக்கில் தம்பி கரையில் இல்லை. கலியாணம் முடிந்த பிறகு மருமகன் வருவார், சம்பந்தி வருவார், பேரப்பிள்ளை வரும். ஒவ்வொரு தடவையும் அவன் நெடுந்தீவில்தான் இருக்கவேண்டும். அது எனக்கும் விளங்கியது, அவனுக்கும் விளங்கியது. விறாந்தையில் இருந்தபடியே அவன் கேட்டான்:

"பெரியக்கா, அங்க கட்டாக்காலிக் குதிரையள் நிக்குதாம். என்னையும் அதுகளோட அவிட்டு விடப் போறியோ, இல்லாட்டி எனக்கெண்டு தனிக் கயிறு வாங்கித் தருவியோ?"

"வாயை மூடடா!" என்றாள் அக்கா. அன்றைக்குக் கதை அதோடு நின்றது.

சிநேகிதி எங்கள் சனசமூக நிலையத்தில் மேசை போட்டாள். பாடசாலை விடுமுறை என்றபடியால் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை எனக்கு. முதல் இரண்டு நாட்களும் ஒரு நாய்தான் வந்தது, அதுவும் நிழலுக்காக. வருத்தக்காரர் உள்ள வீடுகள் இந்தத் தீவில் எவை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளின் படலைகள் அந்த இரண்டு நாட்களும் திறக்கவேயில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வரைக்கும் கலியாணம் பேசுகிறவர். காரைநகர்ச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். வாசலில் நின்று ஒரு வெற்றிலை போடும் நேரம் எல்லாவற்றையும் பார்த்தார். "இரத்தத்தில பரம்பரை விசர் பார்க்கிற மிசின் வந்திருக்காம், மெய்யோ டொக்டர்?" என்றார்.

"மிசினும் இல்லை, அப்பிடி ஒரு சோதினையும் உலகத்தில இல்லை" என்றாள் அவள்.

தரகர் தலையை ஆட்டினார். மறுக்கிறவர்கள் எல்லோரும் விலையை உயர்த்தத்தான் மறுக்கிறார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

நாலாம் நாள் காலையில் வரிசை வீதி வரைக்கும் நின்றது. எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களும் செபமாலையோடு வந்து நின்றார்கள். ஒரு தகப்பன் நாலு பெண்பிள்ளைகளையும் வயது வரிசையில் நிறுத்தியிருந்தார். சிநேகிதி முகம் மலர்ந்து முதல் ஆளிடம் கேட்டாள்:

"உங்கட வீட்டில ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"இல்லை எண்டதுக்குத்தான்."

இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது, நான்காவது. அவள் எழுந்து கதிரையில் ஏறி நின்று, இது ஆராய்ச்சி, இதில் யாருக்கும் முடிவு சொல்ல மாட்டார்கள், ஒருவருடைய இரத்தத்தைப் பார்த்து வருத்தம் வரும் வராது என்று யாராலும் சொல்ல முடியாது என்று தெளிவான தமிழில் சொன்னாள். வரிசை மரியாதையாகக் கேட்டது. பிறகு நாலு பெண்களின் தகப்பன் கேட்டார்:

"றிப்போட் எப்ப வரும்?"

"றிப்போட்டே இல்லை, ஐயா!"

"இரத்தம் எடுத்துப்போட்டு றிப்போட் தராட்டி, பேந்து ஏன் இரத்தம் எடுக்கிறியள்?"

எனக்கு அவருடைய தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. சிநேகிதி கீழே இறங்கி என் காதில் சொன்னாள்: "எடி, இந்த ஊர்ல விசர் இல்லாத ஒரே ஆள் உன்ர தம்பிதான்." ஆனால் அவர்களை அவள் திருப்பி அனுப்பவில்லை. சுகதேகிகளும் ஒப்பிடத் தேவைதான் என்றாள். முடிவு சொல்லப்படாது என்பதை ஒவ்வொருவரிடமும் மறுபடி சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் எடுத்தாள். எல்லோரும் சம்மதித்தார்கள். சம்மதித்துவிட்டு, "றிப்போட்டைத் தரகரிட்டைக் குடுத்தால் போதும்" என்றார்கள். எங்கள் தீவின் மிகச் சுகமான இரத்தம் எல்லாம் குளிர்ப்பெட்டிக்குள் சேர்ந்தது. தரகர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பஞ்சை அமத்திப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்ததாகக் காரைநகரிலிருந்து தரகர் மூலம் சேதி வந்தது. மற்றவை எல்லாம் சரி, மாப்பிள்ளையின் தாய்க்கு அந்த றிப்போட் வேண்டுமாம். தரகரை நம்பாமல், தானே படகேறி வந்து கண்ணால் பார்க்கப் போகிறாராம்.

அவர் வருகிற அன்று காலை நான் சனசமூக நிலையத்துக்கு முன்கூட்டியே போய்விட்டேன். நான் போன பிறகு அக்கா தம்பியின் உடுப்புகளை ஒரு பையில் வைத்து, அவனை நடத்திக்கொண்டு போய்க் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நெடுந்தீவு இறங்குதுறையில் சித்தப்பா நிற்பார் என்று சொன்னாளாம். இது எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டது, அக்கா நல்ல சீலையில், மகளோடும், தரகரோடும், கண்ணாடி போட்ட உயரமான ஒரு அம்மாவோடும் மண்டபத்துக்குள் வந்ததைத்தான். அந்த அம்மாதான் மாப்பிள்ளையின் தாய். சுவரோரம் கதிரையில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

அக்கா மேசைக்கு முன்னால் இருந்து சீலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள். எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் மூவரோடும் இருந்து சாப்பிட்ட சிநேகிதிக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை சகோதரங்கள்?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "ஒரு தங்கச்சி."

சிநேகிதி என்னைப் பார்த்தாள். அக்காவின் மகள் தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தாள். நான் குழாயை மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். அதற்கு முதல் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. தம்பி இந்தா நிக்கிறான்."

பையோடு நின்றான். சட்டையெல்லாம் புழுதி.

"படகு போகேல்லையோ?" என்று அக்கா தன்னை மறந்து கேட்டாள்.

"படகு போனது. நான்தான் போகேல்லை."

அவன் நேரே வந்தான். அக்கா எழும்பினாளா, அவன் எழுப்பினானா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் கதிரையில் அவன் இருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். சிநேகிதி ஊசியைத் தொடவில்லை.

"உமக்கு விருப்பமில்லாட்டித் தரத் தேவையில்லை. இத்தனை பேருக்கு முன்னால வேண்டாம். வீட்டை வைச்சும் எடுக்கலாம்."

"வீட்டை வைச்சுத்தானே இவ்வளவு காலமும் எல்லாம் செய்தது. நீங்கள் வருத்தக்காரரைத் தேடி எவ்வளவு தூரம் வந்தனீங்கள். பாவம், ஒரு கிழமையாய்ச் சுகமான சனத்தைக் குத்திக்கொண்டு இருக்கிறியள்." பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினான். "எனக்கு ஸ்கிசோபிரெனியா. பீனிசம் இல்லை. நொச்சி இலை தந்த எல்லாருக்கும் நன்றி. மூக்கு அந்தமாதிரி நல்லாய் வேலை செய்யுது."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

அவன் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"பெரியக்கா, வாற கிழமை எனக்கு ஊசி. நெடுந்தீவில நிண்டால் அது தவறும். தவறினால் நான் திரும்பவும் கடலுக்கை இறங்குவன். இறங்கேக்க எனக்கு அது பிழையெண்டு தெரியாது, அதுதான் கரைச்சல். கலியாணவீட்டையும் செத்தவீட்டையும் ஒரே பந்தலில வைக்க உனக்கு ஏலுமோ?"

சிநேகிதி மெதுவாகப் பட்டியைக் கட்டி, இரத்தத்தை எடுத்தாள். நான் குழாயில் பெயர் ஒட்டினேன். பெயர் சரிவாக ஒட்டுப்பட்டது, பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பினார். "படகுக்கு நேரமாகுது" என்றார். காரைநகருக்கு வள்ளம் ஆட்கள் சேர்ந்தால் எந்த நேரமும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்று தம்பியை ஒருதரம் பார்த்தார். கோபமில்லாத பார்வை என்றுதான் நினைக்கிறேன். பிறகு போய்விட்டார். தரகர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அக்கா மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையை விடுவித்துக்கொண்டு போய் மாமனின் பஞ்சை அமத்திப் பிடித்தாள்.

அடுத்த நாள் விடிய, எங்கள் வீட்டின் பின்படலையால் கடற்கரைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். சிநேகிதியிடம் குரலைத் தாழ்த்தி, "டொக்டர், எங்கட மூத்தவனுக்கும் உந்தப் பீனிசம்தான். கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்" என்றார். சிநேகிதி சந்தோசத்தில் தேத்தண்ணியை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மூத்தவன் ஊசியைக் கண்டதும் கிணற்றடியால் பாய்ந்து பனங்காணிக்குள் போய்விட்டான். தம்பி பின்னால் போய் அவனோடு வெகுநேரம் இருந்து கதைத்துவிட்டு வந்தான். இரத்தம் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு ஊசிக்குப் போனபோது நாங்கள் நாலு பேர் பஸ்ஸில் போனோம்.

ஆகவே விஞ்ஞானத்தின்படி எங்கள் தீவில் வருத்தக்காரர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரும் அப்பழுக்கற்ற சுகதேகிகள். சிநேகிதியின் ஆய்வுகூடத்தில் எங்கள் ஊரார் இன்றைக்கும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறார்கள்.

அவளைக் கொண்டுபோய் விடும்போது சோதனைச் சாவடியில் ஒரு கடற்படைப் பையன் குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னான். அனுமதிக் கடிதத்தைப் படித்து, குழாய்களைப் பார்த்து, தெரிந்த தமிழில் கேட்டான்: "இது பார்த்தா பைத்தியம் தெரியுமா?"

"தெரியாது, தம்பி" என்றாள் அவள் களைத்துப்போய்.

அவன் கவலையோடு பெட்டியை மூடினான். உள்ளே மேசையில் இருந்த தன் அதிகாரியைக் கண்ணால் காட்டி, "தெரிஞ்சா நல்லம்" என்றான்.

காரைநகர்ச் சம்பந்தம் அதோடு நின்றது. அக்கா தம்பியோடு பல மாதம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மகளிடம் கொடுத்தனுப்புவாள். மீன் தலை அவனுக்குத்தான் வரும். பேச்சு இல்லாமல் மீன் தலை அனுப்பும் கோபத்தை எந்த வகைக்குள் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெண்ணின் போக்குத்தான் மாறியது. அடுத்த முறை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அவள் தேத்தண்ணித் தட்டோடு வந்து, தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. மாமனைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

"இவர் என்ர மாமா. இவருக்கு ஸ்கிசோபிரெனியா. மருந்து எடுக்கிறார், சுகமாய் இருக்கிறார், எங்களோடதான் இருப்பார். சம்மதமெண்டால் கதைப்பம். இல்லையெண்டால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். தரகர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார். அக்கா குசினிக்குள் சத்தமில்லாமல் அழுவாள். தம்பி என்னிடம், "நான் போயிருக்கலாம் போல" என்று ஒரு தடவை சொன்னான். "போய் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "மாடு மேய்ப்பன்." "உன்னை மாடுதான் மேய்க்கும்" என்றேன். அதற்கு மேல் அந்தக் கதை வரவில்லை.

பிறகு வந்த குடும்பம் தரகர் இல்லாமல் வந்தது. மாப்பிள்ளை இவளுடைய பாடசாலையிலேயே கணிதம் படிப்பிக்கிறவர். அவள் வழக்கம்போல் சொல்லி முடித்ததும், மாப்பிள்ளையின் தகப்பன் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீர் காட்ஸ் விளையாடுவீரோ? முந்நூற்றிநாலு?"

"விளையாடுவன். கை நடுங்கும், காட்ஸ் மற்றவைக்குத் தெரியும்."

"அப்ப என்ர கட்சியில வேண்டாம், எதிர்க்கட்சியில இரும்."

2005இல் கலியாணம் நடந்தது. முகூர்த்தம் விடியற்காலையில் வந்துவிட்டது. இரவுக் குளிசை போட்ட தம்பியை அந்த நேரத்தில் எழுப்புவதென்றால் சும்மா காரியமில்லை. ஐயர் "மாமன்காரர் எங்க?" என்று கேட்டார். நான் எழும்ப முதல் அக்கா மணவறைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போனாள். பெண்ணின் தாய் அந்த நேரத்தில் எழுந்து போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கட்டிவிட்ட வேட்டி அவனுக்குக் கணுக்கால் தெரியக் கட்டுப்பட்டிருந்தது. அவனை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டுச் சால்வையைச் சரிசெய்தாள். அவன் நின்றான். நின்று, தாலி கட்டும் நேரம் பார்த்து, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். அது அப்படியே வீடியோவில் விழுந்துவிட்டது.

அந்த வீடியோ கனடாவுக்கும் லண்டனுக்கும் போனது. பார்த்த உறவினர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். சீலை நல்லம், பந்தல் நல்லம் என்றுவிட்டுக் கடைசியில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: தாலி கட்டும்போது மணவறையில் நின்று கொட்டாவி விடுகிற அந்த ஆள் யார்?

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள், சலிக்காமல்.

"அது என்ர தம்பி. குளிசை போடுறவன். காலமை எழும்பான்."